"லினக்ஸ் பிரச்சினை" என்று வரும் அழைப்புகள்

போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கணினி நின்றுபோனால் அதன் நஷ்டம் சாலையில் தெரியும். கேட் கணினி உறைந்த கொஞ்ச நேரத்தில் லோரிகள் வரிசை கட்டிவிடும். எடைமேடைக் கணினி எண்ணைக் காட்டவில்லை என்றால் கொள்கலன் கப்பலைத் தவறவிடும். அதனால் எனக்கு வரும் அழைப்புகளில் நலம் விசாரிப்பு இருக்காது. "அண்ணே, லினக்ஸ் பிரச்சினை. உடனே வாங்க." அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து இந்த வாக்கியத்தைக் கேட்டு வருகிறேன். நார்த்போர்ட் பக்கத்து யார்டுகள், பூலாவ் இண்டாவின் கிடங்குகள், கிள்ளான் கடைவரிசை மாடிகளில் இருக்கும் ஃபார்வர்டிங் அலுவலகங்கள், பிரிக்பீல்ட்ஸில் ஒரு அச்சகம் என்று எங்கிருந்து வந்தாலும் வாக்கியம் ஒன்றுதான். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் பழுது லினக்ஸில் இருக்காது. கேபிளில் இருக்கும். பவர் சப்ளையில் இருக்கும். ரேமில் இருக்கும். உப்புக்காற்று அரித்த இணைப்பியில் இருக்கும். மீதி இடங்களில் உண்மையாகவே, சாதனத்தை இயக்கும் மென்பொருளான டிரைவரில் இருக்கும். இரண்டில் எது என்று பிரித்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதற்குப் பிறகு வரும் வேலை எளிது.

நான் துறைமுகத்துப் பிள்ளை. அப்பா இங்கே மூட்டை தூக்க வந்தபோது ஊரின் பெயர் போர்ட் ஸ்வெட்டன்ஹாம். 1972-ல்தான் போர்ட் கிள்ளான் ஆனது. அடுத்த ஆண்டே கொள்கலன் முனையம் வந்து மூட்டை தூக்கும் வேலை சுருங்கத் தொடங்கியது. நான் வேலைக்குப் போன காலத்தில் துறைமுகத்தைக் காகிதம் நகர்த்தியது: இறக்குமதிக்கு கே1, ஏற்றுமதிக்கு கே2 என்று சுங்கப் பாரங்கள். கார்பன் நகலோடு அடிக்க வேண்டியதால் எல்லா அலுவலகத்திலும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கத்திக்கொண்டிருக்கும். அலுவலகத்துக்கு ஒரே ஒரு டயல்-அப் இணைப்பு. அதை எல்லா மேசைகளுக்கும் பகிர்ந்து கொடுக்க ஒரு பழைய 486 போதும், லைசென்ஸ் செலவும் கிடையாது என்பதால் லினக்ஸ் அங்கே நுழைந்தது. கொள்கை பேசி யாரும் அதைக் கொண்டுவரவில்லை. கோலாலம்பூர் இம்பி பிளாசாவில் குறுந்தட்டு கிடைத்தது, கொண்டுவந்து போட்டோம்.

முதல் பாடம் மோடமில் கிடைத்தது. அந்த நாட்களில் கணினிக்குள் சொருகும் மலிவான மோடம் அட்டைகள் சந்தையை நிரப்பின. மோடம் செய்ய வேண்டிய சிக்னல் வேலையைக் கணினியின் செயலி தலையில் கட்டிவிட்டு, அதற்கான மென்பொருளை விண்டோஸுக்கு மட்டும் கொடுத்தார்கள் தயாரிப்பாளர்கள். வின்மோடம் என்று பெயர். லினக்ஸில் அது வெறும் தகடு. சீரியல் கேபிளில் தொங்கும் வெளி மோடமோ விலை கூட, ஆனால் எந்தக் கணினியோடும் பேசியது. வாடிக்கையாளர் பெட்டியைக் காட்டி "இது நல்ல பிராண்ட்" என்பார். பெட்டி மேலிருக்கும் பெயரால் ஒரு பயனும் இல்லை. ஒரே மாடல் பெயரில், அடுத்த தடவை வரும் சரக்கில் உள்ளே வேறு சிப் இருக்கும். அன்றிலிருந்து எந்தச் சாதனத்தையும் வாங்கும் முன் சிப்பின் எண்ணைத்தான் கேட்கிறேன். பிசிஐ, யூஎஸ்பி சாதனங்கள் ஒவ்வொன்றும் தயாரிப்பாளர் எண், சாதன எண் என்று இரண்டைச் சுமந்து வரும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அந்த எண்களைப் பார்த்துத்தான் டிரைவரைத் தேர்ந்தெடுக்கிறது. பெட்டியில் உள்ள பெயர் அதற்குத் தெரியாது.

ரேம் விஷயத்தையும் அந்தக் காலத்திலேயே கற்றோம். அப்போது டிரைவர் வேண்டுமென்றால் கெர்னலை நாமே கம்பைல் செய்ய வேண்டும். பழைய கணினியில் இரவு முழுக்க ஓடும். நடுவில் கம்பைலர் "சிக்னல் 11" என்று சொல்லிச் செத்துவிடும். உலகம் முழுக்க இதே புகார் எழுந்ததால் அதற்கென்றே ஒரு விளக்கக் குறிப்பு பரவியது. அதன் சாரத்தை இன்றும் பயன்படுத்துகிறேன். மறுபடி ஓட்டிப் பார். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு கோப்பில் நின்றால் பழுது வன்பொருளில், பெரும்பாலும் ரேமில். ஒவ்வொரு தடவையும் ஒரே வரியில் நின்றால் பழுது நிரலில். இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை, பொறுமை மட்டும் வேண்டும். பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் எங்கள் கைக்கு வந்தது, இரவு ஓடவிட்டுக் காலையில் பார்க்கலாம். ஆனாலும் "இடம் மாறுகிறதா, மாறவில்லையா" என்ற கேள்வியை நான் விட்டதில்லை. கேட் ஸ்கேனர் என்றாலும் சர்வர் என்றாலும் முதல் கேள்வி அதுதான்.

2002-க்குப் பிறகு சில ஆண்டுகள் ஒரு கொள்ளைநோயைப் பார்த்தோம். மதர்போர்டில் செயலியைச் சுற்றி நிற்கும் மின்தேக்கிகள் தலை வீங்கி, பழுப்பாகக் கசிந்தன. உள்ளிருக்கும் மின்பகு திரவத்தின் தரம் கெட்டிருந்ததால் பல பெயர்களில் வந்த பலகைகள் உலகெங்கும் இப்படிச் செத்தன. அறிகுறி வஞ்சகமானது. காலையில் நன்றாக ஓடும். மதியம், வெயில் ஏறிக் கிடங்கு கொதிக்கும்போது, தானாக ரீஸ்டார்ட் ஆகும். சில சமயம் கெர்னல் பீதிச் செய்தி திரையில் நிற்கும். அதைப் படம் பிடித்து, "பாருங்க, கெர்னல்னு அதிலேயே எழுதியிருக்கு" என்று காட்டுவார்கள். பெட்டியைத் திறந்து டார்ச் அடித்தால் வீங்கிய தலைகள் தெரியும். கிள்ளானில் டிவி ரிப்பேர் செய்யும் ஒரு சீனப் பெரியவர் அவற்றைக் கழற்றிப் புதியவற்றைப் பற்றவைத்துத் தருவார். அப்படிப் பிழைத்த சில பலகைகள் மேலும் பத்து வருடம் ஓடின. லினக்ஸ் கெர்னல் அந்த விஷயத்தில் செய்தது, பழுதைப் பார்த்துச் சொன்னது மட்டும்.

2004-ல் மலேசிய அரசு பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை அறிவித்தது. அரசு நிர்வாக நவீனமயமாக்கல் பிரிவான மாம்புவின் (MAMPU) கீழ் திறந்த மூலத் திறன் மையம் வந்தது. இதனால் எங்களுக்கு நேரடியாக வேலை கொட்டவில்லை. ஆனால் தவுக்கேக்களின் பார்வை மாறியது. "அரசாங்கமே போடுது" என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. மேசைக் கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் லினக்ஸ் கேட்கத் தொடங்கினார்கள். அங்கேதான் வைஃபை என்ற பெரிய துன்பம் காத்திருந்தது.

இன்று இருபத்தைந்து வயதில் இருக்கும் டெக்னீஷியனுக்கு அந்த ஆண்டுகளை விளக்குவது கடினம். வைஃபை சிப் செய்தவர்களில் பலர் தங்கள் சிப் எப்படிப் பேசும் என்பதையே சொல்ல மறுத்தார்கள். வழியில்லாமல் விண்டோஸ் டிரைவரையே எடுத்து, என்டிஐஎஸ்ராப்பர் என்ற உறைக்குள் வைத்து லினக்ஸில் ஓட்டினோம். ஓடும்வரை ஓடும். பிராட்காம் சிப்புகளுக்குத் தன்னார்வலர்கள் தலைகீழ்ப் பொறியியல் செய்து டிரைவர் எழுதினார்கள். அதற்கும் ஃபர்ம்வேரை விண்டோஸ் டிரைவரிலிருந்து வெட்டி எடுக்க ஒரு தனிக் கருவி. 2010-ல் பிராட்காம் தானே திறந்த மூல டிரைவரை வெளியிட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று நானும் என் கூட்டாளியும் போர்ட் கிள்ளான் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து நீண்ட நேரம் பேசிக்கொண்டிருந்தோம். எத்தனை இரவுகள் மிச்சமாகும் என்று எங்களுக்குத் தெரியும். 2012 ஜூனில் பின்லாந்தில் ஒரு கூட்டத்தில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், கிராஃபிக்ஸ் சிப் நிறுவனமான என்விடியாவுக்கு நடுவிரலைக் காட்டியது பெரிய செய்தியானது. வெளியே இருந்தவர்களுக்கு அது மரியாதைக்குறைவு. சிப்பின் விவரம் இல்லாமல் இருட்டில் வேலை செய்தவர்களுக்கு அந்தக் கோபம் புரிந்தது. பத்து ஆண்டு கழித்து, 2022 மே மாதத்தில், என்விடியாவும் தன் டிரைவரின் கெர்னல் பகுதி மூலத்தைத் திறந்தது.

துறைமுகத்தில் என் வாழ்க்கையின் பெரும் பங்கு போனது சீரியல் போர்ட்டோடுதான். எடைமேடையின் காட்டி, ரசீது பிரிண்டர், பழைய பார்கோடு ஸ்கேனர், தடுப்புக் கட்டை எல்லாம் ஆர்எஸ்-232. 2016 ஜூலை 1 முதல் கடல்பயணப் பாதுகாப்பு விதி சோலாஸின் திருத்தம் அமலுக்கு வந்தது. சரக்கேற்றிய கொள்கலனின் சரிபார்த்த மொத்த எடையைச் சொல்லாமல் கப்பலில் ஏற்ற முடியாது. அதுவரை எடையைக் கையால் எழுதிக்கொண்டிருந்த யார்டுகளும் காட்டியைக் கணினியோடு இணைக்க ஓடி வந்தன. ஒரே ஆண்டில் நான் பார்த்த காட்டி வகைகள் அதற்கு முந்தைய ஆண்டுகள் எல்லாவற்றிலும் பார்த்ததைவிட அதிகம்.

அப்போது ஒரு யார்டில் நடந்தது. எடை சில சமயம் சரியாக வருகிறது, சில சமயம் குப்பை எழுத்தாக வருகிறது. லினக்ஸ் சீரியல் டிரைவரில் கோளாறு என்று முடிவே கட்டிவிட்டார்கள். முன்பு வந்த டெக்னீஷியன் கேபிளை மாற்றி, கணினியையும் மாற்றியிருந்தார். நான் உட்கார்ந்து, வரும் எண்களையும் காட்டியின் திரையையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். 0, 3, 5, 6, 9 எப்போதும் சரியாக வந்தன. 1, 2, 4, 7, 8 எப்போதும் குப்பையாக வந்தன. இரைச்சல் இப்படித் தேர்ந்தெடுத்துத் தாக்காது. காட்டி ஏழு பிட் தரவோடு ஒரு இரட்டைப்படைச் சரிபார்ப்பு பிட்டையும் சேர்த்து அனுப்புகிறது. கணினியோ எட்டு பிட்டும் தரவு என்று படிக்கிறது. 0, 3, 5, 6, 9 ஆகிய எழுத்துகளின் ஆஸ்கி வடிவில் ஒன்றுகளின் எண்ணிக்கை ஏற்கெனவே இரட்டைப்படை, சரிபார்ப்பு பிட் பூஜ்ஜியம், எழுத்து கெடாது. மற்ற ஐந்திலும் ஒற்றைப்படை, எட்டாவது பிட் ஒன்றாகி எழுத்து மாறிவிடும். அமைப்பில் ஒரு சொல்லை மாற்றினேன், முடிந்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்து, ஏன் அந்த ஐந்து எண்கள் மட்டும் என்று கண்டுபிடிக்கச் சொல்வேன்.

பிறகு சீரியல் போர்ட் இல்லாத கணினிகள் வந்தன, யூஎஸ்பி மாற்றிகள் வந்தன, புது வகைத் தொல்லைகளும் கூடவே வந்தன. இரண்டு எடைமேடை, இரண்டு மாற்றி. முதலில் விழித்துக்கொள்வது டிடிஒய்யூஎஸ்பி0, அடுத்தது 1. மின்சாரம் போய் வந்த ஒரு காலையில் வரிசை மாறி, உள்ளே வரும் லோரியின் எடை வெளியே போகும் லோரியின் கணக்கில் ஏறும். இது பழுதே அல்ல, கெர்னல் அப்படித்தான் எண் கொடுக்கும். யூடெவ் விதி எழுதி நிரந்தரப் பெயர் கொடுக்க வேண்டும். மலிவு மாற்றிகளில் தனி வரிசை எண் இருக்காது, இரண்டும் அச்சு அசல் ஒன்றாகத் தெரியும். அங்கே சொருகும் துளையின் பாதையை வைத்துத்தான் பெயரிட முடியும். பெயரிட்ட பிறகு அந்தத் துளையில் ஸ்டிக்கர் ஒட்டி "மாற்றாதே" என்று மலாய், தமிழ், சீனம் மூன்றிலும் எழுதிவைப்பேன். விதி எழுதுவதைவிட அந்த ஸ்டிக்கர் முக்கியம்.

இன்னொரு வகை: மாற்றியைச் சொருகிய முதல் சில நொடிகள் காட்டி கிறுக்குப் பிடித்ததுபோல் நடக்கும், பிறகு சரியாகும். மோடம்மேனேஜர் என்ற பின்னணி நிரல், புதிதாக வந்த ஒவ்வொரு சீரியல் சாதனத்தையும் மோடமாக இருக்குமோ என்று கட்டளை அனுப்பிச் சோதித்த காலம் அது. எடைமேடையில் அதற்கு வேலையில்லை, எடுத்துவிடலாம். உபுண்டு 22.04-ல் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. சிஎச்340 சிப் போட்ட மாற்றியைச் சொருகினால் தோன்றி உடனே மறையும். பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெயில் காட்சிக் கருவிக்கான பிஆர்எல்டிடிஒய் நிரல், எண் ஒன்றாக இருந்ததால், அதைத் தன் கருவி என்று எடுத்துக்கொண்டது. இந்த இரண்டாவது விஷயத்தில் கெர்னலின் டி-மெசேஜ் பதிவில் நடந்தது வரி வரியாக எழுதியிருக்கும், யார் பிடுங்கினார் என்ற பெயர் உட்பட. படிக்காமல் மாற்றியைத் தூக்கிப் போட்டவர்கள் நிறையப் பேர்.

மாற்றிகளைப் பற்றிப் பேசும்போது 2014-ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப்பைப் போலியாகச் செய்து உலகமெங்கும் விற்றார்கள். வாங்குகிறவருக்கு அசல் எது, போலி எது என்று தெரியாது. அந்த ஆண்டு அக்டோபரில், விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐயின் புதிய டிரைவர், போலிச் சிப்பைக் கண்டால் அதன் சாதன எண்ணைப் பூஜ்ஜியமாக மாற்றி எழுதியது. சிப் உயிரோடு இருக்கும், ஆனால் எந்தக் கணினிக்கும் அதை அடையாளம் தெரியாது. போலி செய்தது குற்றம், சந்தேகமில்லை. ஆனால் தெரியாமல் வாங்கிய யார்டுக்காரனின் எடைமேடையை நிறுத்துவது அதற்குத் தீர்வல்ல என்பதுதான் என் கருத்து. லினக்ஸ் கெர்னல் அந்த மாதமே தன் எஃப்டிடிஐ டிரைவரின் பட்டியலில் பூஜ்ஜியம் என்ற எண்ணையும் சேர்க்கும் திருத்தத்தைக் கண்டது. எண் அழிக்கப்பட்ட மாற்றிகள் லினக்ஸில் மறுபடி வேலை செய்தன.

மின்னலைப் பற்றி ஒரு வார்த்தை. கிள்ளான் பள்ளத்தாக்கு உலகத்திலேயே இடியும் மின்னலும் அதிகமான பகுதிகளில் ஒன்று. ஆர்எஸ்-232 கேபிள் சுமார் 15 மீட்டருக்கு என்று சொல்லப்பட்டது. எடைமேடைக் குடிசையிலிருந்து அலுவலகத்துக்கு அதைப் போல மூன்று மடங்கு இழுத்திருப்பார்கள். இரண்டு கட்டடத்துக்கும் தனித்தனி எர்த். மழை பெய்த மறுநாள் போர்ட் செத்திருக்கும். நேரடியாக இடி விழ வேண்டியதில்லை, பக்கத்தில் விழுந்தாலே இரண்டு எர்த்துக்கும் இடையிலான வேறுபாடு கேபிள் வழியாகப் பாயும். ஒளி வழியாகத் தகவலைக் கடத்தி மின் தொடர்பைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் ஒன்று நடுவில் போட்டால் போதும். இதை எத்தனை இடத்தில் சொன்னாலும், போர்ட் ஒரு தடவையாவது எரிந்த பிறகுதான் செலவு செய்கிறார்கள்.

உண்மையான கெர்னல் பிழை எப்படி இருக்கும் என்று கேட்கிறவர்களுக்கு 2008-ஐச் சொல்வேன். 2.6.27 கெர்னலின் சோதனைப் பதிப்புகளை ஓட்டியவர்களின் கணினிகளில் இன்டெல் ஈ1000ஈ வகை நெட்வொர்க் சிப்புகள் சாகத் தொடங்கின. சிப்பின் நிரந்தர நினைவில் இருந்த தகவலே அழிந்தது. உபுண்டு, ஃபெடோரா, ஓப்பன்சூசே எல்லாம் பதறின. முதலில் சந்தேகம் டிரைவர் மேல். பிறகு கிராஃபிக்ஸ் பக்கம். உடனடியாகச் சிப்பின் நினைவை எழுத முடியாதபடி பூட்டினார்கள். பிறகு தோண்டிப் பார்த்தபோது குற்றவாளி நெட்வொர்க்கோடு சம்பந்தமே இல்லாத எஃப்ட்ரேஸ் என்ற கண்காணிப்பு வசதி. ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட நினைவிடத்தில் அது எழுதப் போனது. அந்த முகவரி அதற்குள் நெட்வொர்க் சிப்பின் நிரந்தர நினைவோடு இணைக்கப்பட்டிருந்தது. 2.6.27 வெளிவந்த பிறகு வந்த முதல் திருத்தப் பதிப்பில் அந்த வசதியை அணைத்தார்கள். இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். செத்தது நெட்வொர்க் சிப், புகார் டிரைவர் மேல், பிழை வேறொரு மூலையில். மூலம் மூடியிருந்தால் இன்டெல் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம் என்று ஆண்டுக்கணக்கில் பழி சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள். திறந்திருந்ததால் சில வாரத்தில் முடிந்தது.

2013 ஜனவரியில் சாம்சங் மடிக்கணினிகள் சில, யூஇஎஃப்ஐ முறையில் லினக்ஸ் ஏற்றியதும் மறுபடி எழவே இல்லை. எல்லோரும் லினக்ஸைச் சொன்னார்கள். கெர்னல் நிரலாளர் மாத்யூ காரெட் ஆராய்ந்து, ஃபர்ம்வேரின் மாறிகள் சேமிக்கும் இடம் நிரம்பினால் அந்தக் கணினி இறக்கும் என்றும், அதை விண்டோஸிலிருந்தும் செய்ய முடியும் என்றும் காட்டினார். பிழை ஃபர்ம்வேரில். அந்தச் செய்தியை அச்சடித்து என் மேசையருகே ஒட்டியிருந்தேன். அழைப்பில் "லினக்ஸ் பிரச்சினை" என்று சொல்கிறவர்களோடு வாதாடுவதை அன்றோடு விட்டுவிட்டேன். ஆதாரத்தை எடுத்து வைத்தால் போதும்.

கேட்டுகளில் விசிறியில்லாத சிறு பெட்டிகள் பரவிய காலத்தில் இன்னொரு உண்மையான பிழை. இன்டெலின் பே டிரெயில் சிப்புகள் லினக்ஸில் எந்தச் செய்தியும் விடாமல் உறைந்தன. கெர்னல் பிழைப்பதிவேட்டில் 2015 டிசம்பரில் திறந்த 109051 என்ற எண்ணில் நூற்றுக்கணக்கான பேர் தங்கள் அனுபவத்தை எழுதினார்கள். செயலி ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போய்த் திரும்பும்போது சிக்கிக்கொள்கிறது. பூட் வரியில் ஒரு சொல்லைச் சேர்த்து ஆழ்ந்த உறக்கத்தைத் தடுத்தால் உறைவது நிற்கும். மின்சாரம் கொஞ்சம் கூடச் செலவாகும், பெட்டி சூடாகும். இந்த வகையில் கவனிக்க வேண்டியது ஒன்று: பதிவு வெறுமையாக இருப்பதும் ஒரு தடயம். டிஸ்க் கெட்டால், நெட்வொர்க் கெட்டால், கெர்னல் புலம்பிவிட்டுத்தான் போகும். ஒரு வரிகூட எழுதாமல் நின்றால் மின்சாரம், வெப்பம், உறக்க நிலை இந்த மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும்.

டிஸ்க் பற்றி நீட்ட வேண்டாம். பதிவில் "ஏடிஏ" என்று தொடங்கிப் பிழைகள் கொட்டினால் உடனே புது டிஸ்க் விற்கப் பார்ப்பார்கள். ஸ்மார்ட் அட்டவணையில் 199-ஆம் வரியை முதலில் பாருங்கள். அது ஏறிக்கொண்டிருந்து 5-ம் 197-ம் பூஜ்ஜியமாக இருந்தால் கெட்டது கேபிள். 5-ம் 197-ம் ஏறினால் டிஸ்க் போகப் போகிறது, அன்றே நகல் எடுங்கள். கடலோரத்தில் கேபிள் முனைகள் சீக்கிரம் கறுக்கும். சில வெள்ளி விலையுள்ள கேபிளுக்காக சில நூறு வெள்ளி டிஸ்க்கை மாற்றியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிரிண்டர் வேறு கதை. கட்டற்ற மென்பொருள் இயக்கமே ஒரு பிரிண்டரில் பிறந்தது. 1980 வாக்கில் எம்ஐடி ஆய்வகத்துக்கு வந்த ஜெராக்ஸ் லேசர் பிரிண்டரின் மூலநிரல் ரிச்சர்ட் ஸ்டால்மனுக்குக் கிடைக்கவில்லை. தாள் சிக்கினால் எல்லோருக்கும் செய்தி போகும்படி அதைத் திருத்த அவர் விரும்பினார், முடியவில்லை. 1983-ல் குனு திட்டத்தை அறிவித்தார். எங்கள் ஊரில் இருபது ஆண்டுகளாக வந்த மலிவு லேசர் பிரிண்டர்களும் அதே சங்கடத்தைத் தந்தன. சிலவற்றுக்கு ஒவ்வொரு தடவை சுவிட்ச் போடும்போதும் ஃபர்ம்வேரைக் கணினி ஊட்ட வேண்டும். ஊட்டாவிட்டால் விளக்கு எரியும், தாள் வராது. கிராணிகள் நாள் முழுக்க அணைத்து அணைத்துப் போடுவார்கள். இப்போது டிரைவரே இல்லாமல் நெட்வொர்க் வழியாகப் பேசும் பிரிண்டர்கள் வந்துவிட்டன, இந்தத் துன்பம் பெரும்பாலும் ஓய்ந்தது. ஆனால் பழைய டாட் மேட்ரிக்ஸ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை ஆண்டில் அது டிரைவர் பிழை தந்து நான் பார்த்ததில்லை. எழுத்தை அனுப்பினால் அடிக்கும்.

அப்டேட் செய்த பிறகு கெட்டுப்போகும் விஷயம் தனி. நேற்றுவரை ஓடியது, இன்று கெர்னல் மாறியதும் நெட்வொர்க் அறுகிறது. இங்கே ஊகம் வேண்டாம். கெர்னலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் 2005-ல் வந்தது, அதே ஆண்டு அதில் பைசெக்ட் என்ற அருமையான கருவியும் கிடைத்தது. ஒரு கெர்னல் பதிப்பில் பத்தாயிரத்துக்கும் மேலான மாற்றங்கள் இருக்கும். பாதியில் வெட்டி, நல்லதா கெட்டதா என்று பார்த்து, மறுபடி பாதியில் வெட்டிக்கொண்டே போனால் சுமார் பதினான்கு சோதனையில் குற்றம் செய்த ஒரே மாற்றம் கையில் நிற்கும். ஒரு யார்டின் கேட்டுக்காக வாரக்கடைசி முழுக்க இதைச் செய்து, வந்த விடையை அந்த டிரைவரைப் பராமரிப்பவருக்கு எழுதினேன். அவர் எந்த நாட்டில் இருந்தார் என்றுகூட எனக்குத் தெரியாது. இரண்டு நாளில் திருத்தம் வந்தது. நான் யார், எந்தக் கம்பெனி என்று அவர் கேட்கவில்லை. ஏற்கெனவே ஓடியதை உடைக்கக் கூடாது என்பது டோர்வால்ட்ஸ் விடாமல் காத்துவரும் விதி. ஆதாரத்தோடு போனால், போர்ட் கிள்ளானில் ஒரு கேட்டுக்கும் பெரிய நிறுவனத்தின் சர்வருக்கும் அந்த விதி ஒன்றே.

இன்னொரு தடவை ஒரு எடைக் காட்டியின் யூஎஸ்பி எண் எந்த டிரைவரின் பட்டியலிலும் இல்லை. உள்ளிருக்கும் சிப்போ தெரிந்த சிப்தான். ஓடும் கெர்னலிலேயே அந்த எண்ணை டிரைவருக்குச் சொல்லிப் பார்க்க வழியுண்டு, சொன்னதும் ஓடியது. பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். பூட் நிரலில் ஒரு வரி எழுதிவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போவார்கள். நான் அந்த ஒரு வரியைக் கெர்னலுக்கு அனுப்பினேன். சில மாதத்தில் அந்தக் காட்டி எந்த லினக்ஸ் கணினியில் சொருகினாலும் பேசத் தொடங்கியது. என் தொழிலில் எனக்கு மிகுந்த நிறைவு தந்தது அந்த ஒரு வரி.

இன்று நிலைமை எவ்வளவோ மேல். வைஃபை டிரைவர் தேடாமலே வேலை செய்கிறது. ஃபர்ம்வேரை லினக்ஸிலிருந்தே புதுப்பிக்க முடிகிறது. ஆனால் வேறு ஒன்று குறைந்துவிட்டது. இப்போது வரும் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், ஆனால் பதிவைப் படிப்பதில்லை. கணினி தவறினால் அழித்து மறுபடி நிறுவுகிறார்கள். தீர்ந்தால் சரி, தீராவிட்டால் கணினியை மாற்றச் சொல்கிறார்கள். காரணம் யாருக்கும் தெரியாமலே போகிறது, அடுத்த யார்டில் அதே பழுது மறுபடி வருகிறது.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத, ஆனால் நன்றாக ஓடும் கணினிகள் கிள்ளான் பள்ளத்தாக்கின் அலுவலகங்களில் ஏராளம். அவற்றில் பல லினக்ஸுக்கு வரும், வந்துகொண்டிருக்கின்றன. "லினக்ஸ் பிரச்சினை" என்ற அழைப்புகளும் கூடும். இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். எதையும் தொடுவதற்கு முன் டி-மெசேஜ் பதிவையும், சாதன எண்களையும், கெர்னல் பதிப்பையும் ஒரு கோப்பில் சேமியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். உண்மையான பிழை என்று தெரிந்தால் அந்தக் கோப்போடு கெர்னலுக்கு எழுதுங்கள். ஆங்கிலம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, அவர்கள் பார்ப்பது பதிவைத்தான். ஆங்கிலத்தில் எழுதத் தயக்கமாக இருந்தால் தமிழில் எழுதிக்கொண்டு என்னிடம் வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து அனுப்புவோம்.